மீசை வைத்த மூக்குத்துணி

ஐம்பத்தொன்பதாம் வருஷப் பொங்கலுக்கு மறுநாள் காவிரி மணலில் நடந்த சடுகுடுவில், உறையூர்த் தறிக்காரர்களிடம் கல்பட்டறைக்காரர்கள் தொடர்ந்து மூன்றாவது வருஷமாகத் தோற்றார்கள். தோற்றதுகூடப் பெரிதில்லை. ஜெயித்தவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிந்தது. வருஷம் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள். விலா எலும்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். இந்தப் பக்கம் நின்றவர்களோ ஆட்டுக்கல்லை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடுகிறவர்கள்.

பட்டறை அணிக்குத் தலைவன் வீரமலை. வயது முப்பத்தாறு. பதினான்கு வயதில் உளி பிடித்தவன். அவன் வரும்போது முதலில் மீசை வரும், பின்னால்தான் ஆள் வருவான் என்று பட்டறையில் சொல்வார்கள். முன்பெல்லாம் கோட்டைத் தாண்டி 'சடுகுடு சடுகுடு' என்று பாடிக்கொண்டு போனால் மூன்று பேரையாவது தொடாமல் திரும்பமாட்டான். அன்றைக்கு எதிர்க்களத்தில் பாதி தூரம் போவதற்குள் 'சடு' என்றதோடு பாட்டு நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். அவனை மடக்க வந்த தறிக்காரர் ஒருவர், மடக்குவதை விட்டுவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தத் தடவலைத்தான் வீரமலையால் தாங்க முடியவில்லை.

நடுவராக நின்றவர் வேதாந்தம். ஸ்ரீரங்கத்துக்காரர். சுகாதார இலாகாவில் அம்மை குத்துகிற உத்தியோகம். அவரை நடுவராக வைத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவரிடம் விநாடி முள் ஓடும் கைக்கடிகாரம் இருந்தது. இரண்டு, அவர் இரு தரப்புக்கும் பொதுவானவர். இரு தரப்பு ஜனங்களும் அவர் சைக்கிளைக் கண்டால் ஒரே மாதிரி கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"மூச்சு விட்டாச்சு, வீரமலை. வெளியில வந்துடு" என்றார் வேதாந்தம்.

"சாமி, உங்க கடிகாரம் ஓடுது. ஆனா நேரா ஓடலை" என்றான் வீரமலை, இருமலுக்கு நடுவே.

பட்டறைக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தறிக்காரர்கள் ஆடுகளத்தில் மந்திரித்த எலுமிச்சம்பழம் புதைத்துவிட்டார்கள் என்று நான்கு பேர் மணலைத் தோண்டப் போனார்கள். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. உடம்பில் சத்து இல்லை என்று மேஸ்திரி பிச்சைமுத்து சொன்னார். பட்டறை அவருடையது, ஆகவே அவர் கருத்து நிலைத்தது. வீரமலையின் மனைவி மயிலம்மாள் ஒரு மாசம் விடாமல் ஆட்டுக்கால் சாறு வைத்துக் கொடுத்தாள். மாசக் கடைசியில் அவனுக்குத் தொப்பை வந்திருந்தது. மூச்சு வரவில்லை.

"எல்லாம் அந்தக் கடிகாரத்தோட கோளாறு" என்று அவன் கண்டவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கினான். பேச்சு காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "வேதாந்தம், மணி என்ன? அட, உம்மைப் போய்க் கேட்டேனே" என்று வீதியில் நாலு பேர் கேலி செய்ததும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகல், சைக்கிளை எடுத்துக்கொண்டு மதுரைச் சாலையில் இருந்த பட்டறைக்கே வந்துவிட்டார்.

சைக்கிளைக் கண்டதும் பட்டறை காலியாயிற்று. ஆறடி உயரத் தூண் கல்லுக்குப் பின்னால் ஐந்து பேர் ஒளிந்தார்கள்.

"ஊசி கொண்டு வரலைப்பா. கடிகாரம் மட்டும்தான்" என்று வேதாந்தம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தோட ஒப்பிட்டுப் பார்த்துண்டு வரேன். ஒரு விநாடி பிசகில்லை. ஒவ்வொருத்தரா வந்து மூச்சுப் பிடிச்சுப் பாடுங்கோ. இந்த நோட்டுல எழுதிடறேன். அப்புறம் யாரும் வாய் திறக்கப்படாது."

பட்டறை நீளமான ஓலைக் கொட்டகை. நான்கு பக்கமும் கீற்றுத் தட்டி கட்டி அடைத்திருந்தது. உள்ளே பதினொரு பேர் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்துவார்கள். வெளியே புளியமரத்தடியில் மயிலம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும், கொத்தி முடித்த குழவிகளை மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். செய்த கல்லை ஏற்றிக்கொண்டு போய் விற்றுவர வண்டிக்கார வெள்ளைச்சாமி. இவ்வளவுதான் பட்டறை.

முதலில் வீரமலை பாடினான். பதின்மூன்று விநாடி. அடுத்தவர் பதினாறு. அதற்கடுத்தவர் பன்னிரண்டு. போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த இருவர் மட்டும் இருபத்தெட்டு, முப்பது என்று போனார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைச்சாமியையும் இழுத்துவந்து நிறுத்தினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிற மனிதர். முப்பத்து நாலு விநாடி பாடிவிட்டு, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

வீரமலையின் முகம் சுருங்கிவிட்டது.

"நானும் பாடிப் பாக்கட்டுமா?" என்று புளியமரத்தடியிலிருந்து மயிலம்மாள் கேட்டாள்.

"பொம்பளைக்கு என்னத்துக்குடி சடுகுடு?" என்றான் வீரமலை.

"சாமி கடிகாரத்துக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா என்ன?" என்று அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முதலில் கொஞ்சம் வெட்கமாகத்தான் ஆரம்பித்தாள். இருபது விநாடிக்கு மேல் வெட்கம் போய்விட்டது. முப்பத்தெட்டில் நிறுத்தினாள், அதுவும் மூச்சு முட்டி இல்லை, சிரிப்பு வந்துவிட்டதால்.

யாரும் சிரிக்கவில்லை. வேதாந்தம் நோட்டைப் பார்த்தார். மயிலம்மாளும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் யார் எத்தனை விநாடி என்பது மனசில் வரிசையாக நின்றது.

"சாமி, ஒண்ணு கவனிச்சீங்களா? கொட்டகைக்குள்ள உக்காந்திருக்கவங்களுக்குத்தான் மூச்சு கம்மி. வெளியில இருக்கற எங்களுக்கு நீளம். உள்ளேயும் புதுசா வந்தவங்களுக்கு அதிகம். வருஷம் ஆக ஆகக் குறையுது. இவருக்கு இருபத்திரண்டு வருஷம், பதிமூணு. ராமர் அண்ணன் இருந்திருந்தா எத்தனை பாடியிருப்பாரோ."

ராமர் முப்பது வருஷம் அந்தக் கொட்டகையில் கல் கொத்தியவர். இளைத்து, இருமி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். காசநோய் என்று சொல்லி, அவர் தட்டையும் டம்ளரையும்கூடத் தனியாகப் புதைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் தூண் கல்லில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தட்டியின் ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் வெள்ளைத் தூசி புகைபோல் சுழன்றுகொண்டிருந்தது. தினமும் இருப்பதுதான். அன்றைக்குத்தான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

வேதாந்தம் திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் அக்னஸிடம் நோட்டைக் காட்டினார். டாக்டர் அக்னஸ் ஐம்பதை நெருங்கியவர், பேச்சைச் செலவழிக்காதவர். இரண்டு தடவை நோட்டைப் புரட்டினார். "கல் உடைக்கறவங்ககிட்ட இதைப் பார்த்திருக்கேன். எல்லாரையும் அழைச்சிட்டு வாங்க. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

அழைத்து வருவதுதான் முடியாத காரியமாக இருந்தது. நெஞ்சைப் படம் எடுக்கப் போனான் என்றாலே காசநோய்க்காரன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். தம்பிக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். டீக்கடையில் டம்ளரைத் தள்ளிவைப்பார்கள். வேதாந்தம் நான்கு நாள் வந்து கெஞ்சிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் மயிலம்மாள் சோறு போடும்போது சாதாரணமாகச் சொன்னாள்:

"உறையூர்த் தலைவரு ஆஸ்பத்திரியில படம் எடுத்துக்கிட்டாராம். சிங்கத்துக்கு இருக்கற மாதிரி நெஞ்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். தறிக்காரத் தெருவுல ஒரே பேச்சு."

வீரமலை கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். "அவனுக்கா? அவன் நெஞ்சு கோழி நெஞ்சு."

"எனக்கென்ன தெரியும். படம் அப்படித்தான் சொல்லுதாம்."

மறுநாள் காலை வீரமலை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு பஸ் ஏறினான். தலைவனே போனபிறகு மற்ற பத்துப் பேரும் போகாமல் இருக்க முடியவில்லை. மயிலம்மாள் கடைசியாக ஏறி, யாரும் நடுவழியில் இறங்கிவிடாதபடி படியோரம் நின்றுகொண்டாள்.

ஒரு வாரம் கழித்துச் சளிப் பரிசோதனை முடிவும் வந்துசேர்ந்த பிறகு, டாக்டர் அக்னஸ் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பதினொன்றில் நாலு பேருடைய படத்தில் நெஞ்சு முழுக்கப் புள்ளி புள்ளியாக, யாரோ அரிசி நொய்யைத் தூவியதுபோல் இருந்தது.

"இது டி.பி. இல்லை. கிருமி எதுவும் இல்லை. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. தட்டு டம்ளரைத் தனியா வைக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "இது நீங்க மூச்சில இழுத்த கல் தூசி. உள்ளே போய்த் தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கிடுச்சு."

"இதை வெளியில எடுக்க மருந்து இருக்குங்களா?" என்று மயிலம்மாள் கேட்டாள்.

"இல்லை. போனது போனதுதான். இனிமே போகாம பார்த்துக்கலாம். இந்த மாதிரி நெஞ்சுல டி.பி. சீக்கிரம் ஒட்டிக்கும், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். இந்த நாலு பேரும் இனி உளி பிடிக்கக் கூடாது."

வீரமலை தன் படத்தை வெகுநேரம் பார்த்தான். "கல்நெஞ்சுக்காரன்னு நீ திட்டும்போதெல்லாம் நான் நம்பலை" என்றான் மனைவியிடம். "இப்ப சர்க்காரே படம் எடுத்துக் கொடுத்திடுச்சு."

டாக்டர் அக்னஸ் சிரித்ததை அங்கே வேலை பார்த்த நர்சுகள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்களாம்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். "சிங்க நெஞ்சுன்னு பொய் சொல்லித்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் மயிலம்மாள்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ சொல்லும்போதே. அடுத்தவன் பெருமையை நீ என்னைக்கு எங்கிட்ட சொல்லியிருக்கே?" அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "எனக்கும் பயமா இருந்துச்சு. போறதுக்கு ஒரு சாக்கு வேணும்ல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கூட்டம் இருந்தது. கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

தூசியை நிறுத்துவது எப்படி என்று எல்லோருக்கும் விளக்கும் பொறுப்பை வேதாந்தம் ஏற்றுக்கொண்டார். மறு சனிக்கிழமை காலை, சலவை மடிப்புக் கலையாத வேஷ்டியும் தோளில் பளிச்சென்ற அங்கவஸ்திரமுமாக வந்து கொட்டகை நடுவில் நின்றார். "சுவாசகோசத்தில் சூக்ஷ்மமான சிலா ரேணுக்கள் பிரவேசிக்கிறபடியால்" என்று ஆரம்பித்தார். கால்மணி நேரத்தில் முதல் குறட்டை கேட்டது. அரைமணியில் வெள்ளைச்சாமியின் மாடுகள்கூடப் படுத்துவிட்டன.

மயிலம்மாள் எழுந்து வந்தாள். "சாமி, தோள்ல கிடக்கறதைக் கொஞ்சம் கொடுங்க."

என்ன ஏது என்று யோசிப்பதற்குள் அங்கவஸ்திரம் அவள் கையில் இருந்தது. தொட்டித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, கொட்டகை நடுவே கயிற்றில் விரித்துக் கட்டினாள். "இப்ப எல்லாரும் எந்திரிச்சு வேலையைப் பாருங்க" என்றாள். காயக் காய மறுபடி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவிழ்த்தபோது அது சாம்பல் நிறத்தில், சேற்றில் புரட்டிய கோணியைப்போல் இருந்தது. வேதாந்தத்துக்குப் பேச்சே வரவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

"ஒரு பகல்ல ஒரு துணி குடிச்சது இது" என்று மயிலம்மாள் அதை வரிசையாக ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் காட்டிக்கொண்டு போனாள். "துணியைத் தோய்ச்சா வெளுத்துரும். நெஞ்சை எந்தக் கல்லுல போட்டுத் தோய்ப்பீங்க?"

அந்தப் பிரசங்கம் அவ்வளவுதான். யாருக்கும் தூக்கம் வரவில்லை.

கொத்தும் கல்லின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு பக்கத் தட்டியையும் அவிழ்த்துக் காற்றை விட வேண்டும். மூக்கில் ஈரத்துணி கட்டுவது மூன்றாவதுதான், அது கொஞ்சம்தான் தடுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீருக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். துணிக்குச் சம்மதிக்கவில்லை. திருடன் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். பீடி குடிக்க முடியாது என்றார் இன்னொருவர். உண்மையான காரணத்தை யாரும் சொல்லவில்லை. மயிலம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. துணி கட்டினால் மீசை மறைந்துவிடும்.

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து, நாலு மடிப்பு வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் முறுக்கு மீசை தைத்தாள். முதல் துணியை யாருக்குக் கொடுப்பது என்று சண்டை வந்தது. ஒருவருக்குத் தைத்த மீசை இன்னொருவருக்குத் தைத்ததைவிட அரை விரல் நீளம் என்று அடுத்த சண்டை. இயற்கையில் மீசையே வளராத ஒருவர் மிகப் பெரியதாகத் தைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, வேலை முடிந்த பிறகும் கழற்றாமல் வீட்டுக்குப் போனார்.

மேஸ்திரி பிச்சைமுத்துதான் தட்டியை அவிழ்க்க மறுத்தார். "திறந்து போட்டா அடுத்த பட்டறைக்காரன் என் வேலைப்பாட்டைப் பார்த்துடுவான்" என்றார்.

"அம்மியில என்னங்க வேலைப்பாடு?" என்று மயிலம்மாள் கேட்டாள். அவர் தட்டிக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் வேதாந்தம் வீட்டு வாசலில் பிச்சைமுத்து வந்து நின்றார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சாமி, அந்தக் கடிகாரம் இருக்குங்களா? யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். மேஸ்திரி ஆவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அவரும் உளி பிடித்தவர்தான்.

வேதாந்தம் அவரை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். கொல்லையில் பூப்பறித்துக்கொண்டிருந்த வேதாந்தத்தின் மனைவி பூமா, கூடத்தில் யாரோ ஈனஸ்வரத்தில் 'சடுகுடு சடுகுடு' என்று பாடுவதைக் கேட்டுக் கூடையோடு ஓடிவந்தாள்.

"ஏன்னா, போன வாரம் அங்கவஸ்திரத்தைச் சாம்பலாக்கிண்டு வந்தேள். இன்னிக்கு ஆத்துக் கூடத்துலயே சடுகுடுவா?"

"கொஞ்சம் சும்மா இரு, பூமா. பதினேழு" என்றார் வேதாந்தம்.

பிச்சைமுத்துவின் முகம் வெளிறியது. பூமா அவரை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். கேலியை விட்டுவிட்டு, உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்களும் டாக்டரம்மாவைப் பாருங்கோ. பயந்துண்டு உட்கார்ந்திருந்தா ஆகாது" என்றார் வேதாந்தம்.

திங்கட்கிழமை விடிந்ததும் பிச்சைமுத்துவே ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு தட்டியாக அவிழ்த்துக் கீழே போட்டார். கொட்டகைக்குள் காற்று புகுந்ததும் அத்தனை வருஷத் தூசியும் கிளம்பி அவர் தலையிலேயே இறங்கியது. வெள்ளைத் தலையோடு இறங்கிவந்து, "எனக்கும் ஒரு மீசை தைச்சுக் கொடும்மா" என்றார். கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு பெண்களைப் புதிதாக வேலைக்கு வைத்தார்.

உளி பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாலு பேரில் மூன்று பேர் மரத்தடி வேலைக்கு மாறிக்கொண்டார்கள். வீரமலைக்கு மட்டும் அது பிடிபடவில்லை. கைகள் சும்மா இருக்க மறுத்தன. ஒரு மாசம் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடந்தான். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். கடைசியில் வெள்ளைச்சாமிதான், "சும்மா நடக்கறதுக்கு என்கூட வண்டியில வா. கல்லை நான் இறக்கறேன், நீ பேசு" என்றார்.

பேச்சு வீரமலைக்குக் கைகொடுத்தது. சந்தைக்குச் சந்தை போய், எந்த அம்மி எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று பெண்களிடம் பெண் பார்க்கிற தோரணையில் பேசி விற்றான். வேலையில் மனசு நின்றது. மேட்டில் வண்டி ஏறும்போது மட்டும் இறங்கித் தள்ள முடியாமல் உட்கார்ந்திருப்பது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. மாடுகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான்.

அறுபதாம் வருஷம் ஆடியில், பச்சைமலை அடிவாரத்தில் உப்பிலியபுரம் சந்தைக்குப் போகும் வழியில், சாலையோரம் ஒரு குடிசை வாசலில் தண்ணீர் கேட்டு வண்டியை நிறுத்தினார்கள். பொன்னுத்தாய் என்கிற பெண் செம்பு கொண்டுவந்தாள். குடிசைக்குப் பின்னால் தனியாக ஒரு சின்னக் குடிசை. அதிலிருந்து இருமல் கேட்டது. அந்த இருமலை வீரமலைக்குத் தெரியும்.

"யாரும்மா அங்கே?"

"வீட்டுக்காரரு. கல்லு உடைக்கறவரு. டி.பி.ன்னு சொல்றாங்க. பிள்ளைங்களுக்கு ஒட்டிரும்னு தனியா வச்சிருக்கோம்."

"யாரு சொன்னாங்க? டாக்டரா?"

"டாக்டர் எங்க சொன்னாரு. ஊரே சொல்லுது."

வீரமலை வண்டியிலிருந்து இறங்கி, கீழே ஒரு கல்லில் உட்கார்ந்தான். "டி.பி.யாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். எதுன்னு படம் எடுத்தாத்தான் தெரியும். எதுவா இருந்தாலும் போய்ப் பாக்கணும். துறையூர் போய்த் திருச்சி பஸ் ஏறு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற டவுன் பஸ்ஸைக் கேளு. அக்னஸ் டாக்டரம்மான்னு கேட்டா காட்டுவாங்க. அதிகம் பேசமாட்டாங்க. கோவமா இருக்காங்கன்னு நினைச்சுத் திரும்பிடாதே."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். துறையூரை மறந்தாள், மறுபடி சொன்னான். வெள்ளைச்சாமி சந்தைக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை மாட்டை அதட்டினார். வீரமலை எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்த மனிதரையும் வெளியே கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, அவர் குடித்த செம்பிலேயே தானும் தண்ணீர் குடித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் பொன்னுத்தாய் புருஷனை ஏற்றினாள். ஆஸ்பத்திரியே வேண்டாம், வேப்பிலை போதும் என்று வாசலை மறித்த மாமியாரையும் கையோடு இழுத்து, ஜன்னல் ஓரத்து இடம் தருவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.